தயிருக்குப் பக்கத்தில் மூன்று குழாய்

எச்சில் பார்ப்பதில் என்னை மிஞ்ச செலியமேட்டில் ஆள் கிடையாது. அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பேன். அப்படிப் பேர்பெற்ற நான்தான் எச்சிலாலேயே தலைகுனிந்தேன்.

மருமகள் செல்விக்குக் குழந்தைக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை பலிக்கவில்லை. இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டாள். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் பல் விளக்கும் முன் எச்சிலைச் சின்னக் குழாயில் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மூன்று நாள் சேர்ந்ததும் மகன் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வருவான்.

அன்று ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் கரைக்கத் தயிர் எடுக்கப்போனால், பக்கத்திலேயே மூன்று குழாய் எச்சில். (சாமி மன்னிக்குமா?) கூழ் ஊற்றி முடியும்வரை இருக்கட்டும் என்று தோட்டத்து மதில்மேல் வைத்தேன். பக்கத்து வீட்டு ஆடு ஏறி, மூன்றும் கீழே விழுந்து நசுங்கிக் கிடந்தன.

செல்வி கோயிலில் இருந்தாள். சொன்னால் அழுவாள். எனக்கும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. அவள் பேர் ஒட்டிய காலிக் குழாய்கள் பெட்டியில் இருந்தன. ஒரே அடுப்புச் சோறு தின்கிற வாய்தானே என்று, வெற்றிலையைத் துப்பி நன்றாகக் கொப்பளித்துவிட்டு, புளியங்காயை நினைத்து நினைத்து மூன்றையும் நானே நிரப்பினேன்.

இரண்டு நாளில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

"ஹார்மோன் நல்லா ஏறிட்டிருந்துதும்மா. இந்த மூணு நாளா அடியோட வுழுந்துட்டுது. ஊசிய நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கே புரியல. அறுபது வயசுக்காரங்க எச்சிலு மாரி இருக்குது."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"அறுபது இல்ல டாக்டரம்மா, அறுபத்தேழு. அது என்னுது."

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "இன்னாத்த சொல்றீங்க?" என்றாள் செல்வி. ஆட்டிலிருந்து புளியங்காய்வரை சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, உடனே அவளுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் ஏற வேண்டியபடிதான் ஏறியிருந்தது. ஊசி நிற்கவில்லை.

பேத்தி இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். ஆனாலும் ஆடி மாதம் நான் ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும், அடுப்பங்கரையிலிருந்து செல்வியின் குரல் வரும்:

"அத்த, தயிரு மட்டும் எடுங்க. எதுனா கொறைஞ்சா நீங்களே ரொப்பிடாதீங்க."