ஸ்வீட்டிக்கு ஒரே குட்டி

“ஒண்ணுதான் இருக்கு” என்றார் டாக்டரம்மா.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். தசரதன் எட்டிப் பார்த்தார். புகைமூட்டமாக ஏதோ தெரிந்தது. அதற்குள் நெத்திலி முள் மாதிரி ஒரு முதுகெலும்பு.

“நல்லாப் பாருங்க டாக்டர். இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிட்டிருக்கலாம் இல்லீங்களா?”

“ஒளிஞ்சு விளையாடற எடமா சார் அது? ஒண்ணுதான்.”

மேசைமேல் நின்ற ஸ்வீட்டி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து வாலை ஆட்டியது. வெள்ளைப் பொமரேனியன். குளிப்பாட்டி ரோமம் நனைந்துவிட்டால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

“இதுக்கு என்ன வயசு?”

“வர்ற மாசத்தோட ஒரு வருஷம் முடியுது.”

“முதல் பருவத்துக்கே சேர்த்துட்டீங்களா? யார் சார் சொன்னது?”

“ஒரு தடவையாவது குட்டி போடலேன்னா பாவம்னு சொன்னாங்க.”

“யாருக்குப் பாவம்?”

தசரதன் ஸ்வீட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“ஆண் நாய் எது?”

“சேலையூர்ல ஜெபசீலன் சார் வீட்டு டைகர். அதுவும் பொமரேனியன்தான். என்ன, கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கும்.”

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். “இங்க பாருங்க. இது சின்ன நாய். உள்ள ஒரே குட்டி. இருக்கற எடம் பூரா அது ஒண்ணுக்கே. மளமளன்னு பெருத்துடும். பெருத்துட்டா வெளிய வர முடியாது. ஆபரேஷன் பண்ண வேண்டி வரும், தாய் உயிருக்கே ஆபத்து. இப்பப் போடற தீனிக்கு மேல ஒரு பிடி கூடப் போடாதீங்க. வலி எடுத்துக் குட்டி வெளிய வரலேன்னா, காத்துட்டு இருக்காம தூக்கிட்டு ஓடி வாங்க. புரியுதா?”

“புரியுது டாக்டர்” என்றார் தசரதன். அவர் காதில் விழுந்தது ‘ஒரே குட்டி’ மட்டும்தான். ஏனென்றால் அவர் மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

குரோம்பேட்டையில் பம்ப் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸைக் கவனிப்பவர் தசரதன். ஸ்வீட்டியின் போட்டோ எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மேனேஜர் ராஜகோபாலிடம் ஒருநாள் அதைக் காட்டியபோது, அவர் “அழகா இருக்கே” என்றார். அதுவே போதுமானதாக இருந்தது. முதல் குட்டி மேனேஜருக்கு.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஹிதாயத்துல்லா பாய், தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். “நாய் கடிக்குமா தம்பி?” என்று ஒரு தடவை விசாரித்தார். பாய்க்கு ஆசை வந்துவிட்டது என்று தசரதன் முடிவு கட்டினார். இரண்டாவது குட்டி பாயின் கோடவுனுக்கு, காவலுக்கு.

மூன்றாவது, பொத்தேரியில் இருக்கும் மச்சானுக்கு. அவன் கேட்கவே இல்லை. ஆனால் மனைவி கங்காவின் தம்பிக்கு இல்லாமல் ஊருக்கெல்லாம் கொடுத்தால் வீட்டில் சோறு இறங்குமா?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கங்கா தலையில் அடித்துக்கொண்டாள். “பொறக்கறதுக்கு முன்னாடியே பந்தி போட்டு இலை விரிச்சீங்களே! இப்ப யாரை எழுப்புவீங்க?”

முதலில் மச்சானை எழுப்பிப் பார்த்தார். போனில் விஷயத்தைக் கேட்ட மச்சான், “பரவால்ல மாமா, பரவால்ல! நல்லதாப் போச்சு, நீங்களே வெச்சிக்குங்க” என்றான். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்ற சந்தோஷத்தில் அதை கங்காவிடம் சொன்னதுதான் தப்பு.

“அப்போ மேனேஜருக்கு உண்டு, பாய்க்கு உண்டு. என் தம்பிதான் உங்களுக்கு இளப்பமா?”

தசரதன் மறுபடி போன் செய்தார். “உனக்கு இல்லாமலா? ஒரு குட்டி கட்டாயம் உனக்குத்தான்.”

மறுமுனையில் சத்தமே இல்லை.

“பாவம், அவனுக்குத் தொண்டை அடைச்சிடுச்சு” என்று கங்காவிடம் சொன்னார்.

இனி ஒரே வழி, குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். ஸ்டோர்ஸில் பக்கத்து சீட் பொன்னுரங்கம் அதற்கு யோசனை சொன்னார். “டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க சார். எங்க வூட்டுப் பசுவுக்கு ஒண்ணுன்னாங்க, ரெண்டு போட்டுது. தீனியில கீது சூட்சுமம். முட்டை, பால், ஈரல்னு ஏத்துங்க.”

தசரதன் ஏற்றினார். ஸ்வீட்டியும் மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டது. வயிறு நாளுக்கு நாள் தரையை நெருங்கிக்கொண்டு வந்தது. “பார்த்தியா? ஒரு குட்டிக்கு இவ்வளவு வயிறா? ரெண்டாச்சும் இருக்கும்” என்றார் பெருமையாக.

“மூச்சு வாங்குதுங்க அதுக்கு” என்றாள் கங்கா.

இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும் ஒருவருக்குக் குறைந்தது. ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி மாடி ஏறினார்.

“பாய், குட்டி விஷயமா ஒரு சங்கடம். எக்ஸ்ரேல ஒண்ணுதான் தெரியுது.”

ஹிதாயத்துல்லா பாயின் முகம் பளிச்சென்று ஆனது. “அல்லா கொடுத்தது ஒண்ணுன்னா ஒண்ணுதான் தம்பி. அதை உங்க மேனேஜருக்கே கொடுத்துடுங்க. நான் மனசுல எதுவும் வெச்சிக்க மாட்டேன். சத்தியமா வெச்சிக்க மாட்டேன்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, பாயின் மனைவி நஃபீசா ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார். இரண்டு வாய் சாப்பிட்டதும் தசரதனின் கண் கலங்கிவிட்டது.

“என்ன மனசு பாரு கங்கா! குட்டி இல்லேன்னு சொன்னதுக்குப் பிரியாணி கொடுக்கறாங்க. இந்த மனுஷனை ஏமாத்தறதா?”

எச்சில் கையோடு படியேறி ஓடினார். “பாய்! அடுத்த ஈத்துல உங்களுக்கு ரெண்டு குட்டி! இது என் வாக்கு!”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாய்க்குப் புரை ஏறியது.

கீழே கங்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அடுத்த ஈத்தா? ஸ்வீட்டி என்ன உங்க கம்பெனி மெஷினா?”

மிச்சம் இருந்தவர் மேனேஜர். ராஜகோபால் மிருதுவான மனிதர். யாரிடமும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாதவர். யூனியன்காரர்கள் கூட அவரிடம் சண்டை போடுவதற்கு வெட்கப்படுவார்கள். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்ல தசரதனுக்கு மனம் வரவில்லை.

“சார், இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அது உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்.”

ராஜகோபால் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இருக்கற ஒண்ணையும் எனக்குக் கொடுத்துட்டா, தாய் தேடாதா தசரதன்?”

“தேடும் சார். உங்களுக்காக அதைக்கூடப் பொறுத்துக்கும்.”

“எப்போ... கைக்கு வரும்?”

“இந்த மாசம் பொறந்துடும். பால் மறந்ததும் நேரா உங்க மடியில கொண்டாந்து விட்டுடறேன்.”

“மடியிலயா?” என்றார் ராஜகோபால், மிகவும் மெல்லிய குரலில்.

ஆர்வத்தில் மனிதருக்குக் குரலே வரவில்லை என்று தசரதன் வீட்டில் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒரு மழைநாள் காலையில் ஸ்வீட்டி கட்டிலுக்கு அடியில் போய்க் கோணியைப் பிறாண்டியது. முக்கியது, முனகியது, சுற்றிச் சுற்றி வந்தது. நேரம்தான் போனது, குட்டி வரவில்லை. முனகல் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் அது தலையைத் தரையில் சாய்த்துவிட்டது.

“ஏங்க, டாக்டர் என்ன சொன்னாங்க? ஓடுங்க!” என்று கங்கா கத்தினாள்.

கேம்ப் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. தசரதன் எஸ்.டி.டி. பூத்துக்குள் நனைந்துகொண்டே நுழைந்து ஆபீசுக்குப் போன் போட்டார். லீவு சொல்ல வாயைத் திறந்தவர் அழுதுவிட்டார்.

“அழாதீங்க தசரதன். நானே வண்டிய எடுத்துகிட்டு வரேன்” என்றார் ராஜகோபால். பிறகு ஒரு கணம் நிறுத்தி, “இல்ல, வேணாம். மாரியை அனுப்பறேன்” என்றார்.

மேனேஜருக்குக் கம்பெனி கொடுத்திருந்த அம்பாசிடர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் மாரி கதவைத் திறந்துவிட்டான். “நாயைத் துணியில சுத்தி மடில வெச்சிகினு குந்துங்கக்கா. சார், நீங்க முன்னால ஏறுங்க.”

தசரதன் முன்னால் ஏறவில்லை. கங்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாததுபோல ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்வீட்டி மூக்கைத் தசரதனின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க கங்கா. நான்தான் ஈரலைப் போட்டேன்.”

கங்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் நிமிர்ந்தார். “என்ன போட்டீங்க?”

“முட்டை. பால். ஈரல்.”

“உள்ள இருக்கறது நாய்க்குட்டியா, கன்னுக்குட்டியா? உடனே வயித்தைத் திறக்கணும். ரெண்டும் பொழைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது.”

“ஸ்வீட்டி பொழைச்சாப் போதும் டாக்டர்” என்றார் தசரதன். “குட்டி வேணாம். யாருக்குமே வேணாம்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட எல்லாச் சாமிக்கும் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டார். நல்லவேளை, குட்டி தருவதாக எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் பன் ரொட்டி மாதிரி ஒரு குட்டி. ஒரு காது மட்டும் டைகரைப் போலப் பழுப்பு நிறம்.

“ரெண்டும் பொழைச்சுது. ஆனா கர்ப்பப்பையை எடுத்துட்டேன். இதுதான் முதலும் கடைசியும். கேட்டுதா சார்?”

“கேட்டுது” என்றார் தசரதன். இந்தத் தடவை எல்லாமே கேட்டது.

ஸ்வீட்டிக்குத் தையல் ஆறும்வரை பால் சுரக்கவில்லை. இங்க் ஃபில்லரால் குட்டிக்குப் பால் சொட்டுவிட வேண்டியிருந்தது. கங்கா ஒரு முறை, தசரதன் ஒரு முறை. குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றைத் தடவிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரம் போகும். அதையும் செய்தார். ராத்திரியெல்லாம் கண்விழித்து, பகலில் ஸ்டோர்ஸில் வாஷர் மூட்டைகளின்மேல் படுத்துத் தூங்கினார். பொன்னுரங்கம் அடுத்த யோசனை சொல்ல வந்தபோது கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

குட்டி கண் திறந்தது. முதலில் பார்த்தது தசரதனைத்தான் என்று அவர் சொன்னார். இல்லை, என்னைத்தான் என்றாள் கங்கா. பகலில் ஸ்வீட்டியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டும், சாயங்காலம் தசரதனின் மார்பில் ஏறியும் அது தூங்கியது.

“இவனை யாருக்காவது தூக்கிக் கொடுத்தீங்கன்னா, நானும் இவன் கூடவே போயிடுவேன்” என்றாள் கங்கா.

“நான் மட்டும் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?” என்றார் தசரதன்.

ஆனால் வாக்கு? மச்சான் திடீரென்று வேறு வீடு பார்த்துப் போயிருந்தான். “இந்த வூட்டுக்காரரு நாயே கூடாதுன்றாரு மாமா” என்று ஸ்டோர்ஸுக்குப் போன் செய்து சொன்னான். அதற்காகவே இன்னொரு முறையும் போன் செய்தான். ஏமாற்றத்தை எவ்வளவு பக்குவமாக மறைக்கிறான் என்று தசரதன் உருகினார். ஹிதாயத்துல்லா பாய் மாடிப்படியில் புதிதாக ஒரு கிரில் கதவு போட்டார். “குட்டி மேல வந்தா உருண்டு விழுந்துடக் கூடாதுன்னு இப்பவே ஏற்பாடு பண்றாரு பாரேன்” என்று தசரதனுக்கு மனசு கனத்தது.

எல்லாரையும்விட மேனேஜரை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. ஆபத்துக்குக் கார் அனுப்பியவர். அவர் இல்லாவிட்டால் ஸ்வீட்டியே இல்லை. அவரிடம் போய் ‘குட்டி கிடையாது’ என்று எப்படிச் சொல்வது?

நடுவில் குட்டிக்கு வயிறு சரியில்லாமல் போய், ஒரு வாரம் தசரதன் ஆபீஸ் பக்கமே போகவில்லை. திரும்பிப் போன அன்று மின்சார ரயிலில் நின்றுகொண்டே வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். ‘சார், மன்னிக்கணும். அவன் எங்க பிள்ளை மாதிரி ஆயிட்டான்.’ பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டி உள்ளே நுழைந்தார். நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்.

“ராஜகோபாலா? அவர் சிங்கப்பெருமாள் கோவில் யூனிட்டுக்கு மாறிப் போயிட்டாரே. வெள்ளிக்கிழமையே சார்ஜ் எடுத்துட்டார்” என்றார் புதியவர்.

தசரதன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் யூனிட் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கோடவுன். தண்டனையாக அனுப்பினால்தான் ஒருவர் அங்கே போவார். தன்னிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் போயிருக்கிறார். குட்டி கிடைக்காது என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனசு விட்டுப்போய்த்தான் கிளம்பியிருக்கிறார்.

ஷெட்டில் மாரி அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டிருந்தான். தசரதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாரி, நான் பெரிய பாவி. உயிரைக் காப்பாத்தின மனுஷனை நோகடிச்சிட்டேன். என் பொண்டாட்டி அழுதாலும் பரவால்ல. நாளைக்கே குட்டியத் தூக்கிட்டுப் போய் அவர் மடியில வெச்சுட்டு வந்துடறேன். அவர் வீட்டுக்கு மட்டும் வழி சொல்லு.”

மாரியின் கையிலிருந்து துணி நழுவியது.

“ஐயோ, அத்த மட்டும் செஞ்சிடாதீங்க சார்! நாயின்னாலே அவுருக்குக் கை காலு உதறும். உங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வாய் வராமத்தான், மேலாபீசுல கால்ல வுழாத கொறையா கெஞ்சி, அவுரே மாத்தல் வாங்கிகினு ஓடிப் பூட்டாரு!”