சனீஸ்வரனைப் பார்க்க ஒரு விண்ணப்பம்

வானத்துக்கே அப்பாயின்ட்மென்ட் போட்ட ஒரே மனிதர், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 'ஸ்லாட் கிராணி' என்றால் பக்கத்து ஊர் கம்போங் ராஜா வரைக்கும் தெரியும்.

ஆசைப்பட்டு ஒரு தொலைநோக்கி வாங்கினார். பெரிய ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகளே மாதக்கணக்கில் முன்கூட்டி விண்ணப்பம் போட வேண்டுமாம்; குழு பரிசீலித்துத்தான் 'ஸ்லாட்' என்று நேரம் ஒதுக்குமாம். எங்கேயோ படித்துவிட்டார். அவ்வளவுதான்! தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நின்ற தொலைநோக்கிக்கும் படிவம் வந்தது, குழு வந்தது. குழுவில் இரண்டே பேர்: அவரும், லாரி ஓட்டும் நானும். மூடுபனி மறைத்தால் உங்கள் நேரம் போனது போனதுதான். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஒருநாள் மேனேஜர் துரையே விருந்தாளிகளோடு வந்து நின்றார்.

"ஃபாரம் போட்டீங்களா துரை?"

"யோவ், இது என் எஸ்டேட்லா!"

"எஸ்டேட் உங்களுது துரை. ஏழே முக்கால் மணி நிலா, ஃபாரம் போட்ட மாரிமுத்துவோடது."

துரை ஃபாரம் வாங்கிக்கொண்டு போனார்.

கொழுந்து பறிக்கும் லெட்சுமியக்கா சனி கிரகத்துக்கு விண்ணப்பித்தார். காரணம்: 'ஏழரை வருசமா படுத்துறான். மூஞ்சியப் பாக்கணும்.'

"வலுவான காரணம்லா. முதலிடம்!" என்றார் கிராணி.

மூன்று முறை நேரம் கிடைத்தது. மூன்று முறையும் மூடுபனி. அதற்குள் அக்காவுக்கு வேலை ஓய்வு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் மகன் வீட்டுக்கே போய்விட ஏற்பாடாகிவிட்டது. மிச்சம் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். அதையும் யாருக்கோ ஒதுக்கியாகிவிட்டது.

"யாருக்கு கிராணி?" என்றேன்.

"எனக்குத்தான்லா. ரெண்டு வருசமா காரணம் பத்தலன்னு என் ஃபாரத்த நானே தள்ளிக்கிட்டு வந்தேன். இந்த வாரம்தான் ஒதுக்கினேன்."

வாங்கிப்போட்டவர் இதுவரை அதில் கண்ணே வைத்ததில்லை! பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயில் குறி பார்த்துத் திருப்பிவிடுவதோடு சரி. அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். காரணம்: 'சும்மா பார்க்க ஆசை.'

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கிராணி தன் பெயரை அடித்து, அக்காவின் பெயரை எழுதினார்.

"பதினஞ்சு நிமிசம்க்கா."

அக்கா செருப்பைக் கழற்றினார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயோ, சனீஸ்வரன நேருக்கு நேரா பாக்கக் கூடாதே!"

"ஒத்தக் கண்ணுதானேக்கா? பாதிதான் நேர்."

அக்கா பார்த்தார். "அடப்பாவி! ஒட்டியாணம்லாம் போட்டுக்கிட்டு இம்புட்டு அழகா நிக்கிறியே! நீயா என்னை இந்தப் பாடு படுத்துன?"

மூட்டுவலி, ஒழுகும் கூரை, மருமகன் என்று பதினைந்து நிமிடமும் கண்ணை எடுக்காமல் சனியோடு சண்டை போட்டுவிட்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போனார். பிறகு கிராணி குனிந்தார். மூடுபனி வந்துவிட்டது.

பதிவேட்டில் 'பனி. நேரம் போனது' என்று எழுதினார். திங்கட்கிழமை புதுப் படிவத்தை என்னிடம் நீட்டினார். அதே காரணம்தான்.

அவரைக் கேட்காமலே, 'வலுவான காரணம். முதலிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.