மாப்பைப் பிடுங்கிக்கொண்ட ஜப்பான்காரர்

ஃபுஜைரா,
வெள்ளிக்கிழமை மதியம்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சேதுராமன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை நாகவள்ளியைக் கட்டிய பொன்னுச்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் சௌக்கியம். அங்கே தாங்களும், அக்காவும், தங்கள் பொறுப்பில் இருக்கும் தேவகோட்டைக் கல்யாண மண்டபமும், அதன் ஜெனரேட்டரும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கக் கருப்பர் துணை நிற்பாராக. வாட்ஸ்அப் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன் போட்டால் நாகவள்ளி பக்கத்தில் நின்று காதைக் கொடுப்பாள், அப்புறம் அழுவாள், அப்புறம் என்னைத் திட்டுவாள். ஆகையால் லீவில் ஊருக்கு வரும் ரூம்மேட் அன்பரசன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடவும்.

விஷயம் இதுதான் மச்சான். என் வேலை போகப்போகிறது. போக வைக்கிறவர் ஒரு ஜப்பான்காரர். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொள்வேன். அதற்கும் வழியில்லாமல் மனுஷர் தங்கமானவராக இருந்து தொலைக்கிறார்.

நான் இங்கே ஒரு ஃபுட்பால் கிளப்பில் இருப்பது தங்களுக்குத் தெரியும். ‘மாப்பிள்ளை கிளப்பில் இருக்கிறார்’ என்று தாங்கள் சொல்லப்போய், நான் பந்து விளையாடுவதாக ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. விளையாடுகிறவர்கள் உடை மாற்றும் டிரெஸ்ஸிங் ரூமைக் கூட்டித் துடைப்பதுதான் என் டியூட்டி. மேட்ச் முடிந்து உள்ளே போனால் சேறு, புல், கால் கட்டிய டேப், வாழைப்பழத் தோல், பாதி குடித்த பாட்டில், ஜோடியில்லாத சாக்ஸ் என்று கண்றாவியாகக் கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிடும். குப்பை இருக்கிற வரைக்கும் விசா இருக்கும் அல்லவா?

இந்த சீசன் தொடக்கத்தில் மினாசே வந்தார். ரியோஹெய் மினாசே என்பது முழுப்பெயர். முன்பாதி, நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் யார் வாயிலும் நுழையவில்லை. வயது முப்பத்தைந்து, நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆட்டக்காரர். முதல் மேட்ச் முடிந்ததும் மாப்பும் வாளியுமாகக் கதவைத் தள்ளினேன், மச்சான், எனக்குப் பகீரென்றது. தரை பளிச்சென்று இருக்கிறது. டவல்கள் மடித்து அடுக்கியிருக்கின்றன. பாட்டில்கள் எல்லாம் ஒரு பைக்குள் இருக்கின்றன. இந்த மனுஷர் முட்டிபோட்டுக் கடைசிக் கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து இடுப்பை வளைத்துத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். விடுவேனா, நானும் குனிந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. கடைசியில் அவரே என்னைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பார்களாம். போன இடத்தை, போனபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வருவதுதான் மரியாதையாம். இதை அவர் சொல்லவில்லை, அவருடைய போன் சொன்னது. அவர் ஜப்பான் பாஷையில் முணுமுணுப்பார். போனுக்குள் இருக்கிற அம்மா அதைத் தமிழில் சொல்லும், அதுவும் செய்தி வாசிக்கிற தமிழில். “வணக்கம் ஐயா. தங்கள் துடைப்பானைச் சிறிது நேரம் பயன்படுத்தத் தங்கள் அனுமதி கிடைக்குமா?” என்னை ஐயா என்று இதுவரை யார் கூப்பிட்டார்கள்? உச்சி குளிர்ந்து மாப்பைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கொடுத்ததுதான், இன்னும் முழுசாக என் கைக்குத் திரும்பி வரவில்லை.

சூப்பர்வைசர் ஃபாரூக் பாய் வந்து தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அச்சா! பொன்னு பாய், ரூம் ஸாஃப், காம் மாஃபி. ஃபிர் தும் கிஸ் லியே?” என்றார். ரூம் சுத்தம், வேலை இல்லை, பிறகு நீ எதற்கு என்று அர்த்தம். அடுத்த மாதம் என் விசா புதுப்பிக்கிற நேரம். விசாவுக்குப் பொறுப்பான கஃபீலிடம் ஒரு ஆளைக் குறைக்கலாம் என்று சொல்லப்போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்வதை அந்த ஆள் கட்டாயம் செய்வார்.

அடுத்த மேட்சுக்கு ஒரு யோசனை செய்தேன். சிரிக்கக் கூடாது. மினாசே துடைத்துவிட்டுப் போனதும் வெளியிலிருந்து ஒரு வாளி மணலை அள்ளிவந்து ரூம் பூராவும் தூவினேன். ஃபாரூக் பாய் வரும்போது வியர்க்க விறுவிறுக்கப் பெருக்கிக்கொண்டு நிற்கலாம் என்று திட்டம். மறந்து வைத்த வாட்சை எடுக்க மினாசே திரும்பி வந்துவிட்டார். மணலைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. தன் ஷூவிலிருந்து கொட்டியது என்றே நினைத்துவிட்டார். “மிகவும் வருந்துகிறேன் ஐயா. இது முழுவதும் என் கவனக்குறைவு” என்று போன் அம்மா மன்னிப்புக் கேட்க, இவர் மறுபடி முட்டிபோட்டார். ஒரு வாளி மணல் மச்சான்! ஷூவில் ஒரு வாளி மணல் வருமா என்று யோசிக்க வேண்டாமா ஒரு மனுஷர்? அவரைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தவர்களில் ஒரு பிரேசில்காரர் அவர் படும் பாட்டைப் பார்த்துத் துணியை எடுத்தார். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத இரண்டு அரபிகள் “யல்லா, யல்லா” என்று வாளியைத் தூக்கினார்கள். இப்போது மொத்த டீமும் துடைக்கிறது. நான் வாசலில் நின்று அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு அவரும் நானும் காலி கேலரியில் உட்கார்ந்து கரக் டீ குடிப்போம். எதிரே மலை சிவந்து, பிறகு நாவல்பழ நிறத்துக்கு வரும். மைதானத்தில் தண்ணீர்க் குழாய்கள் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அந்தத் தண்ணீர்ப் புகைக்குள் கோல்போஸ்ட் இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்றே தெரியாது. அவர் பேசுவார், போன் அம்மா சொல்லும். அவர் ஊரில் பனி ஆள் உயரத்துக்கு விழுமாம். சின்ன வயதில் பந்து விளையாட வேண்டுமென்றால் முதலில் மைதானத்தைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டுமாம். வழித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுமாம், விடிந்து பார்த்தால் மறுபடி மூடியிருக்குமாம். பிறகு சொந்த நாட்டில் இரண்டாவது டிவிஷனில் பல வருஷம். பிறகு பெல்ஜியம், அங்கே ஆட விடாமல் இரண்டு குளிர்காலம் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்களாம், இவர் பெஞ்சைத் துடைத்து வைத்தாராம். பிறகு தாய்லாந்து. அங்கே ஒரு சீசன் பூராவும் மழையாம், இவர் போட்ட ஒரே கோல் மிதந்தே போய் விழுந்ததாம். பிறகு கத்தார், பிறகு இங்கே. “ஒவ்வொரு ஊரும் என்னை மறந்துவிட்டது ஐயா. ஆனால் ஒவ்வொரு அறையையும் நான் சுத்தமாக விட்டு வந்தேன்” என்று சொன்னது அந்த அம்மா.

கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகும். ஃபுஜைரா புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிரும் மச்சான். நான் பனிக்கு நடுவில் மாப்போடு நிற்கிறேன், துடைக்கத் துடைக்க அது தீராமல் விழுந்துகொண்டே இருக்கிறது, ஃபாரூக் பாய் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து “காம் பஹுத் ஹை!” வேலை நிறைய இருக்கிறது என்று சந்தோஷமாக விசா அடித்துக் கொடுக்கிறார். பாங்கு சத்தம் கேட்டால்தான் எனக்கு முழிப்பே வரும். டீ ஆறிப்போயிருக்கும்.

நேற்று எப்படியும் சொல்லிவிடுவது என்று போனைக் கையில் வாங்கினேன். “சார், நீங்க துடைக்கிறத மட்டும் விட்டுட்டீங்கன்னா...” என்று ஆரம்பித்தேன். அவர் அவ்வளவு ஆசையாக என் முகத்தைப் பார்த்தார். “...இன்னொரு டீ சொல்லலாம் சார்” என்று முடித்துவிட்டேன். இத்தனை நாடு சுற்றிய மனுஷர் கையில் மிச்சமிருப்பதே அந்தத் துணி ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வருமா?

ஆகையால் மச்சான், என் விண்ணப்பம் என்னவென்றால், தங்கள் மண்டபத்தில் எனக்கு ஒரு வேலை போட்டுத் தர வேண்டும். அங்கே எனக்குப் போட்டி வராது. நம் ஜனங்கள் சாப்பிட்ட இலையைக்கூட எடுக்க மாட்டார்கள், பாயசத்தைத் தரையில் ஊற்றிவிட்டு அதன்மேலேயே நடந்து போவார்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நாகவள்ளிக்கு மட்டும் நானாகவே ஊர் நினைப்பு வந்து திரும்புவதாகச் சொல்லவும்.

தங்களுக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் கணக்குப் பாடத்தில் பாஸ் மார்க்கும் உண்டாகட்டும். மண்டபத்தில் முகூர்த்தம் தவறாமல் மேளம் கொட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதுனது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. அன்பரசன் பெட்டியைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள ஃபாரூக் பாய் வந்துட்டார். என் விசாவைப் புதுப்பிக்கிறாங்களாம். ஜப்பான்காரருக்குத்தான் கான்ட்ராக்ட் கலாஸாம், முடிச்சுட்டாங்களாம். அவரு எடத்துக்கு இருபது வயசுல ஒருத்தன் வர்றான், கழட்டுன சட்டையைக் கழட்டுன எடத்துலயே போடுறவனாம். “அப் காம் பஹுத். குஷி?”ன்னு கேட்டார். தலையை ஆட்டினேன். சத்தியமா குஷி வரலை மச்சான். மினாசே அந்தப் பனி விழுகிற ஊருக்கே போறாராம், அங்க ஏதோ சின்ன டீம்ல ஆடப் போறாராம். இன்னைக்குச் சாயங்காலம் இங்க அவருக்குக் கடைசி மேட்ச். மண்டபத்து வேலையை வேற யாருக்காவது குடுத்துருங்க. மத்தவங்க எடுத்துத் துடைச்சிருவாங்களேன்னு துணி, வாளி எல்லாத்தையும் ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டேன். மாப்பை மட்டும் நல்லா அலசிப் பிழிஞ்சு, அவரு உக்கார்ற எடத்துல சாத்தி வச்சிருக்கேன்.