தம்பியின் பெயர், தடித்த எழுத்தில்

“‘காணவில்லை’ன்னு இவ்வளவு பெருசாவா போடணும்?” என்று கேட்டார் பெரியவர்.

அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண், திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“போஸ்டர்னா இந்த எழுத்துதான் ஐயா. தடிமனா இருக்கும், ஆனா இடத்தை அடைக்காது. நெருக்கிக்கிட்டு உயரமா நிக்கும். பஸ்ஸுல போறவங்ககூடப் படிச்சிடுவாங்க.”

“அதைத்தான் வேண்டாங்கிறேன்.”

பெரியவரின் தம்பி வீட்டை விட்டுப் போய்ச் சில நாட்களாகிவிட்டன. விருந்தாளிகள் கூடத்தில் இருந்தபோது, “மழை வந்தா எங்க வீடு ஒழுகும்” என்று தம்பி உண்மையைச் சொல்லிவிட்டார். “குடும்ப மானத்தை வாங்க நீ ஒருத்தன் போதும்” என்று பெரியவர் அதட்டினார். நரை கண்ட தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியவர் வாசற்கதவைத் தாழிடுவதில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அவரும் புரிந்துகொண்டு அதற்கு எண்ணெய் விடவில்லை.

“எங்க குடும்பத்துல யாரும் காணாம போனதில்லம்மா.”

“இப்ப உங்க தம்பி போயிருக்காரே.”

“போயிருக்கான். காணாம போகல.”

அவள் அந்தச் சொல்லை மெல்லிய எழுத்துக்கு மாற்றிக் காட்டினாள். தலைகுனிந்து நிற்பவன் முனகுவதுபோல் இருந்தது. பெரியவர் முகம் சுளித்தார்.

“இதுக்கு அதுவே தேவலை. ரெண்டும் வேண்டாம், எடுத்துடு. மேல அவன் பேரைப் போடு. அந்தத் தடி எழுத்துல.”

தம்பியின் பெயர் நீளமானது. வேறு எழுத்தாக இருந்தால் இரண்டு வரியாக உடைந்திருக்கும். இந்த எழுத்தில் அது தோளோடு தோள் ஒட்டி, முதுகு வளையாமல், தாளின் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே வரியில் நின்றது. பெரியவர் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு குடும்பத்துப் பெயர் இப்படியல்லவா நிற்க வேண்டும்.

“போட்டோ கொண்டுவந்தீங்களா?”

கொண்டுவந்திருந்தார். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், வாய் நிறைய உணவோடு தம்பி திரும்பிப் பார்த்த படம்.

“இது வேண்டாம். ஊரெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு நிப்பான்.”

“அப்புறம் அடையாளம் எப்படித் தெரியும்? தழும்பு, மச்சம் ஏதாவது சொல்லுங்க.”

“மாட்டுக்குப் போடற அடையாளமெல்லாம் மனுஷனுக்குப் போடுவாங்களா? ‘நற்குடும்பத்தில் பிறந்த பண்பாளர்’னு போடு. கீழே, ‘உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்’னு மரியாதையா ஒரு வரி. நம்ம வீட்டு விலாசம். போதும்.”

அவள் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை தெருமுனைச் சுவரில் தம்பியின் பெயர் கன்னங்கரேலென்று ஓங்கி நின்றது. பெரியவர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியது. தூசி என்று துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு வக்கீல் வாசலில் நின்றிருந்தார்.

“என்ன சார், சின்னவர் வர்ற வார்டு எலக்‌ஷன்ல நிக்கறாராமே? ஒரு வார்த்தை சொல்லலையே.”

இல்லை என்றால் ‘பின்னே எதுக்குப் போஸ்டர்?’ என்று அடுத்த கேள்வி வரும். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யோசிச்சுக்கிட்டிருக்கான்.”

மதியத்துக்குள் சாக்கடை அடைப்பைச் சொல்ல ஒரு கூட்டம் வந்துவிட்டது. வேட்பாளரைப் பார்க்காமல் போவதில்லை என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

“வெளியூர் போயிருக்கான்.”

“எப்ப வருவாரு?”

பெரியவருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய்க் குத்தியது. “வருவான்” என்று மட்டும் சொன்னார்.

மாலையில் எதிர்க்கட்சி ஆள் ஒருவர் வந்து, தம்பி விலகிக்கொண்டால் வேண்டியதைச் செய்வதாகக் காதோடு சொன்னார். “எங்க குடும்பத்துல யாரும் விலகினதில்ல” என்று பெரியவர் எழுந்து நின்று கர்ஜித்தார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பி வேட்பாளர் என்பது அத்துடன் உறுதியாகிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஆளைத் தேடறதுக்குப் போஸ்டர் போட்டீங்களா, இல்ல ஆளை ஒளிச்சு வைக்கவா? அந்தப் பேருக்குக் கீழ அவர் முகமும் இல்ல, தேடறோம்னு ஒரு சொல்லும் இல்ல. பார்க்கறவங்க யாரைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க?”

பெரியவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் காணவில்லைன்னே போட்டுடறேன்” என்றார் கடைசியில். “அந்தப் பந்திப் போட்டோவோட. வீடு ஒழுகும்னுகூட வேணும்னா போட்டுக்கட்டும். அவன் வந்தா சரி.”

அப்படியே கிளம்பி, சந்தைத் தெருவில் ஏணி மேல் நின்றிருந்த போஸ்டர் ஒட்டுகிறவரைப் பிடித்தார். அங்கேயும் தம்பியின் பெயர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், நூல் பிடித்ததுபோல் ஒட்டப்பட்டிருந்தது.

“எல்லாத்தையும் கிழிச்சிடுப்பா. வேற அடிக்கப் போறேன்.”

போஸ்டர் ஒட்டுகிறவர் ஏணியிலிருந்து இறங்கி, பசைக் கையைத் துணியில் துடைத்தார்.

“எனக்கொண்ணும் இல்லீங்க, கிழிச்சுடுவேன். ஆனா என்கிட்ட புதுசா வேலைக்குச் சேர்ந்தவர் விடமாட்டேங்கிறாரு. இது அவர் பேராம். இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு, ஒட்டி முடிச்சுட்டுத்தான் அண்ணன் வீட்டுக்குப் போவேங்கிறாரு.”