கல்லறைத் தோட்டத்தில் முழு சிக்னல்

“செலின், உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல பிறக்கும்போதே மியூட்டா?”

மேனேஜர் அருள் சார் ஒரு தடவை ஆன்லைன் மீட்டிங்கில் இப்படிக் கேட்டார். செலின் மேரி அதற்கும் பதில் சொல்லவில்லை. அப்போதும் அவள் மியூட்டில்தான் இருந்தாள்.

இன்று பேசியே ஆக வேண்டும். ஐதராபாத்தில் செல்போன் மென்பொருள் எழுதுகிறவர்களின் பெரிய மாநாடு. வெளியூரில் இருக்கிறவர்கள் ஆன்லைனில் வந்து, மேடையிலுள்ள திரையில் தோன்றிப் பேசலாம். செலின் எழுதிய மென்பொருள் சின்னதுதான். வயர்லெஸ் சிக்னல் செத்துப்போனாலும், அனுப்பிய செய்தி தொலையாமல் காத்திருக்கும். சிக்னல் உயிர் பெற்றதும் தானாகப் போய்ச் சேரும். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

“பேசிட்டா வேலை நிரந்தரம். இல்லன்னா வேற ஆள் பாத்துப்பேன்” என்று அருள் சார் சொல்லிவிட்டார்.

வேலை போனால் மறுபடி வில்லியனூர் துணிக்கடை வாசல்தான். போகிற வருகிறவர்களை “வாங்கக்கா, வாங்கண்ணா” என்று கூவி அழைக்கும் வேலை. முன்பு அங்கே நின்ற நாட்களில் அவளால் கடைக்குள் வந்தவர்கள் யாருமில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் வந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வேலைக்கு எடுக்கும்போதே அருள் சார், “கிராமத்துல உக்காந்து வேலை பாக்கறவங்க எனக்கு வேணாம். கரண்ட் போச்சும்பாங்க, திருவிழாம்பாங்க. நீ சென்னைதானே?” என்று கேட்டார். செலின் தலையை ஆட்டிவிட்டாள். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஒரு சமாதானம். அன்றிலிருந்து மீட்டிங் திரையில் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மாளிகை ஆபீஸ் படத்தை ஓடவிட்டுக்கொண்டு, வில்லியனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்காரியாக வாழ்ந்துவந்தாள்.

இன்றைக்குப் பார்த்து அவர்கள் ஊர் மாதா கோயில் பங்கின் திருவிழா. சாயங்காலம் தேர்பவனி.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னலோரம் அவள் லாப்டாப்பைத் திறந்ததும் அத்தை உள்ளே வந்தாள்.

“பீரோவாண்ட கொஞ்சம் நவுருடி. என் பட்டுப் பொடவ உள்ள கீது.”

“அத்த, எனக்கு மீட்டிங்கு.”

“நீ பாட்டுக்குப் பேசு, நான் பாட்டுக்குக் கட்டிக்கறேன்.”

அத்தையை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் வழியாகப் பேண்டு வாத்தியம் வந்தது. ஜன்னலைச் சாத்தினாள். சத்தத்தோடு சிக்னலும் போய்விட்டது.

லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அங்கே சிக்னல் அருமை. ஆனால் கைப்பிடிச் சுவரில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“ம்மா! இத அணைக்கச் சொல்லேன்!”

அம்மா தெருவில் இறங்கி, மைக்செட் மணிபாரதியிடம் கெஞ்சினாள். மணிபாரதி நல்லவர். கேட்டால் இல்லையென்று சொல்லாதவர். உடனே மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பங்கு மக்களே! நம்ம செலின் மேரி இப்ப பெரிய மாநாட்டுல பேசப்போவுது. ஆகவே, வெடி வெடிக்கிற தம்பிங்க அவங்க வூட்டாண்ட வெடிக்காம, கல்லறைத் தோட்டம் பக்கமா போயி வெடிக்கவும்!”

ஊருக்கே கேட்டது. செலினுக்கு மட்டும் கேட்கவில்லை. காது இரண்டையும் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கையை எடுத்தபோது மாடிப்படியில் சொந்தக்காரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மாநாடு? எனக்கும் காட்டுடி.”

“டிவியில வருமா?”

“சடைய எடுத்து முன்னால போட்டுக்க!”

செலின் பின்பக்க ஏணி வழியாக இறங்கி ஓடினாள். திருவிழா நாளில் ஆளே இல்லாத இடம் ஊரில் எது என்று யோசித்தாள். கல்லறைத் தோட்டம்!

அங்கே அமைதியோ அமைதி. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. ஒரு பளிங்குக் கல்லறைமேல் லாப்டாப்பை வைத்து, “மன்னிச்சிக்குங்க தாத்தா” என்று கீழே இருந்தவரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடி மாளிகையைப் போட்டுக்கொண்டு மாநாட்டுக்குள் நுழைந்தாள்.

ஐதராபாத் அரங்கம் திரையில் விரிந்தது. ஓரக் கட்டத்தில் கோட்டும் டையுமாக அருள் சார். அவருக்குப் பின்னால் பெங்களூர் ஆபீஸ்.

“எங்க சென்னை டீம்ல இருந்து செலின்” என்று அவர் அறிமுகம் செய்தார். தொகுப்பாளர் கண்ணைச் சுருக்கினார்.

“மேடம், உங்க தோளுக்குப் பின்னால ப்ளஸ் மாதிரி ஒண்ணு வந்து வந்து போகுதே?”

செலின் திரும்பிப் பார்த்தாள். சிலுவை.

“அது... பெருசாக்கிப் பாக்கற பட்டன் சார்.”

தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதும் வந்தது. தன் குரலா இது என்று அவளே அசந்த நேரத்தில், பின்பக்கம் சரவெடி வெடித்தது. மணிபாரதியின் சொல்லைத் தட்டாத தம்பிகள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

“என்ன சத்தம்?” என்றார் தொகுப்பாளர்.

“பக்கத்துல கட்டட வேலை சார்” என்றாள் செலின்.

“இங்கயும் கட்டட வேலைதான்” என்று அருள் சார் அவசரமாகச் சொன்னார். அவர் பக்கமும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று செலினுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

அதற்குள் தேர் கிளம்பிவிட்டது. ஊரே செல்போனைத் தூக்கிப் படம் பிடித்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

“செலின், கேக்கல... கட்டாகுது...” அருள் சாரின் முகம் கட்டங்கட்டமாக உடைந்தது.

செலின் லாப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கினாள். கல்லறை மேல் ஏறி நின்றாள். துணிக்கடை வாசல் கண்ணுக்குள் வந்தது. “சார், கேக்குதா? சார்!” என்று பிறந்ததிலிருந்து கத்தாத கத்தல் ஒன்று கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குக் குழிவெட்டும் அந்தோணிசாமி வந்துவிட்டார். பொண்டாட்டிக்குப் பயந்து புளியமரத்தடியில் படுத்திருந்தவர், கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, லாப்டாப்புக்கு நேராக நின்றார். அந்த நொடி பார்த்துச் சிக்னல் திரும்பியது. மைக் திறந்தே இருந்தது. ஐதராபாத் அரங்கம் முழுக்க அவர் குரல் கணீரென்று கேட்டது.

“இன்னாடி செலினு, நீயுமா? அந்தாண்ட செவுத்துக்குப் பின்னால நம்ம ஜெசிந்தா வூட்டு புது மாப்ள மரிய அருளு, மாமியா வூட்டுத் திருவிழாவுக்கு வந்துட்டு, கார்ல ஒக்காந்துக்கினு பெங்களூர்ல கீறேன்னு மத்தியானத்துலேருந்து கத்திக்கினு கீறாரு!”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. “அருள்? அருள் சார்?” என்று தொகுப்பாளர் கூப்பிட்டார். ஓரக் கட்டம் கறுத்துப்போயிருந்தது. சிக்னல் கோடுகள் மறுபடி சரியத் தொடங்கின.

சுவருக்கு அப்பால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தோட்டத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மேலே கோட்டும் டையும், கீழே மாமனார் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியுமாக அருள் சார் வெறுங்காலில் வந்தார். கையில் சின்ன வைஃபை பெட்டி. அதைச் செலினின் பக்கத்துக் கல்லறைமேல் வைத்து, பட்டனைத் தட்டி, அடியில் எழுதியிருந்த பாஸ்வேர்டைக் காட்டினார். செலின் லாப்டாப்பை இறக்கி அதைப் போட்டதும், திரையில் ஐதராபாத் பளிச்சென்று தெளிந்தது. நூற்றுக்கணக்கான முகங்கள் அவளுக்காகக் காத்திருந்தன.

செலின் கல்லறையிலிருந்து இறங்கி, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.

அருள் சார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தோணிசாமி நீட்டிய பிரியாணியையும் வாங்கவில்லை. வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேர் போகும் திசையில் நடந்து போனார்.