தன்னைப் பற்றி நாலு வரி

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று அந்த வேலைவாய்ப்பு வலைத்தளம் கேட்டதும் காந்திமதிநாதனுக்கு வியர்த்துவிட்டது. பேர், படிப்பு, பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று நிரப்பியாகிவிட்டது. இந்த ஒரு கட்டத்தில் வந்து வண்டி நின்றுவிட்டது.

தன்னைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவருடைய வம்சத்திலேயே கிடையாது. அவருடைய அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால், ‘பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிட்டு வாரேன்’ என்பார். ‘நல்லா இருக்கீங்களா’ என்றால் ‘ஏதோ ஓடுது’ என்பதுதான் அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்ட ஆகப் பெரிய பெருமை.

ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். பாளையங்கோட்டையில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கம்பெனியை ஓசூருக்கு மாற்றப்போகிறார்கள். போகாவிட்டால் வேலை இல்லை, போனால் தாமிரபரணி இல்லை. காலையில் அந்த ஆற்றின் குறுக்குத்துறையில் ஒரு முங்கு போடாமல் காந்திமதிநாதன் ஒருநாளும் ஆபீசுக்குப் போனதில்லை. ஓசூரில் போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றிக்கொள்வதை நினைத்தாலே அவருக்குத் தலை அரித்தது. கங்கைகொண்டானில் புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலையில் ஸ்டோர்சுக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்த வலைத்தளத்தில் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அது கிடைத்தால் ஆறு, இல்லையென்றால் வாளி.

யோசித்து யோசித்து இங்கிலீஷில் எழுதினார். ‘ஏதோ எனக்குத் தெரிந்த அளவில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.’ திரும்பப் படித்தார். அடக்கமாகவும் மரியாதையாகவும் இருந்தது. திருப்தியோடு மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சுகிர்தா பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். படித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, இது வேலை கேட்டு எழுதுனதா, மன்னிப்பு கேட்டு எழுதுனதா?”

“ஏட்டி, நம்மள நாமளே புகழலாமா?”

“நீங்க புகழாட்டி எதுத்த வீட்டுக்காரங்களா வந்து புகழுவாங்க?”

“எதுத்த வீட்டுக்காரங்க எதுக்கு? நான் இருக்கேன்லா” என்று உள்ளே வந்தான் பாபநாசம். காந்திமதிநாதனின் மனைவி உலகம்மாளுக்குத் தம்பி. ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கிறான். “அடுத்தவங்களப் புகழ்ந்தே பொழப்ப ஓட்டுதவன் அத்தான் நான். கொண்டாங்க இங்கன.”

கொண்டு போனான். காந்திமதிநாதன் காபி குடித்து முடிப்பதற்குள் எழுதியும் முடித்தான். ‘ஸ்டோர்ஸின் சிங்கம். சரக்கறையின் சக்கரவர்த்தி. இவர் பெயரைச் சொன்னால் நட்டும் நடுங்கும், போல்ட்டும் பொறுப்பாகும். வருக, வருக!’

“வருகன்னா யார வரச் சொல்லுத?”

“வேலையத்தான். பின்னால ஒரு புலி படம் போட்டுருவமா?”

புலியை மட்டும் காந்திமதிநாதன் பாடுபட்டுத் தடுத்துவிட்டார். சிங்கம் ‘பதவி’ என்ற கட்டத்திலும் சேர்ந்து ஏறிவிட்டது. ஏற்றும்போது, ‘எல்லோருக்கும் தெரிவிக்கவா’ என்று அந்த வலைத்தளம் மரியாதையாகக் கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பாபநாசத்துக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் ஆற்றிலிருந்து கரையேறி போனை எடுத்தால், ‘புதிய பதவிக்கு வாழ்த்துகள்’ என்று வந்து குவிந்து கிடந்தன. கூடப் படித்தவன், முன்னே வேலை பார்த்தவன், யாரென்றே தெரியாத ஒரு வடக்கத்தி அம்மாள், எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். கம்பெனிக்கு வாஷர் கொடுக்கும் மேலப்பாளையத்துப் பாய், துபாயில் இருக்கும் மகன் பார்த்துச் சொன்னானாம், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை ஆட்டோவில் ஏற்றி நேரே கம்பெனிக்கே அனுப்பிவிட்டார்.

அந்தப் பெட்டி மேனேஜர் ஐயம்பெருமாளின் மேசைமேல் இருந்தபோதுதான் காந்திமதிநாதன் உள்ளே நுழைந்தார்.

“வாரும் சிங்கம்” என்றார் ஐயம்பெருமாள், பழத்தைக் கடித்துக்கொண்டே. “எங்கயோ பெரிய பதவியாம். எங்ககிட்டச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீரே வே?”

“சார், அது எம் மச்சினன் செஞ்ச காரியம்.”

“மச்சினனுக்கா பதவி?”

“இல்ல சார், பதவியே இல்ல.”

“பதவி இல்லாமலா பழம் வருது?”

காந்திமதிநாதன் தன் இருக்கைக்கு ஓடிப்போய் சிங்கத்தை அழித்தார். பயத்தில் அவசர அவசரமாக, ‘இந்தக் கம்பெனிதான் என் தாய்வீடு. எந்தக் காரணம் கொண்டும் வேறிடம் போகமாட்டேன். கம்பெனி எங்கே சொன்னாலும் போவேன்’ என்று எழுதிப்போட்டார்.

மத்தியானமே ஐயம்பெருமாள் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “வாசிச்சேன் வே. கண்ணுல தண்ணியே வந்துட்டு. மேலிடத்துக்கும் அனுப்பிட்டேன். இப்படி ஒரு விசுவாசியக் கடைசி வண்டியில அனுப்பலாமான்னு கேக்காங்க. நீரு முதல் ஆளா அடுத்த மாசமே ஓசூருக்குப் புறப்பட்டுரும்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்த காந்திமதிநாதன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உலகம்மாள் வந்து பார்த்தாள்.

“என்னங்க, வாயத் தொறந்து சொல்லுங்க.”

“நாலு வரி எழுதினேன் உலகு. ஊரே போகப்போகுது.”

அந்த நேரம் பார்த்து போன் டிங்கென்றது. சுகிர்தா எடுத்துப் பார்த்தாள். ‘உங்கள் பக்கத்தை இவர் பார்வையிட்டார்’ என்று காட்டியது. பார்த்தவர் பேர் நேசையா, பொது மேலாளர், கங்கைகொண்டான். அதே தொழிற்சாலை.

காந்திமதிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததையும், அடுத்த கணமே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதையும் பார்த்தார். அப்பாவின் வேலைக்காகப் பிள்ளை இப்படித் தவிக்கிறாளே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

“அப்பா, இனிமே நான் எழுதுதேன்” என்றாள் சுகிர்தா. “நீங்களோ மாமாவோ இதுல கை வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

ஸ்டோர்சைப் பற்றி ரெண்டே வரிதான் எழுதினாள். அவர் பொறுப்பில் இருந்த சரக்கு ஒருநாளும் காணாமல் போனதில்லை, அவசரத்துக்குக் கேட்ட பொருள் இல்லை என்று யாரும் திரும்பியதில்லை. காந்திமதிநாதனுக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் பொய்யில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரியாத சங்கதிகள் ஆரம்பித்தன.

“‘எல்லா மதத்தவரையும் தன் குடும்பமாக நினைப்பவர்.’ இது எதுக்குட்டி?”

“மேனேஜர் பேரப் பாத்தீங்கல்லா? நேசையா. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. ஸ்டோர்ஸ்ல எல்லாரும்தான வேலை பாப்பாங்க.”

“அதுவும் சரிதான்.”

“‘இளையவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு மதிப்புக் கொடுப்பவர்.’”

“நான் எப்பட்டி கொடுத்தேன்?”

“கொடுப்பீங்க. புதுக் கம்பெனியில பூராவும் சின்ன வயசுப் பிள்ளைங்கப்பா.”

அடுக்களையிலிருந்து உலகம்மாள் குரல் கொடுத்தாள். “சுத்த சைவம்னு ஒரு வரி போடு. நாலு பேர் மதிப்பாங்க.”

“அய்யோ அம்மா, அத மட்டும் சொல்லிராதீங்க” என்று பதறிய சுகிர்தா, ‘பக்கத்தில் இருப்பவர் எதைச் சாப்பிட்டாலும் முகம் சுளிக்காதவர்’ என்று எழுதினாள்.

காந்திமதிநாதனுக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கருவாட்டு வாசம் தெருமுனையில் வந்தாலே பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறவர் அவர். “ஏட்டி, ஸ்டோர்ஸ்ல நான் சோறா பரிமாறப்போறேன்?”

“இப்ப ஆளப் பாக்கறதே மனசப் பாத்துத்தான். எழுதுனது நெசமாவும் இருக்கணும். நேர்ல கேப்பாங்க.”

மறுநாள் நேசையா திரும்பவும் பக்கத்தைப் பார்த்திருந்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். வேலைக்கு ஆள் எடுப்பவர் இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறார் என்றால் எப்பேர்ப்பட்ட கம்பெனி என்று காந்திமதிநாதனுக்கு மரியாதை கூடிப்போனது. எழுதியதை நிஜமாக்குவது என்று முடிவெடுத்தார்.

ஸ்டோர்சில் உதவியாளாக இருக்கும் சங்கிலிபூதத்தான் வழக்கமாக வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பிடுவான். அன்றைக்குத் தன் தயிர்சாத டப்பாவோடு காந்திமதிநாதன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் பதறி எழுந்துவிட்டான்.

“அண்ணாச்சி, சாள மீன் குழம்பு. வாசம் வரும்.”

“வரட்டும்ப்பா. நீ சாப்பிடு” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பதற்கு மூச்சு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

சங்கிலிபூதத்தான் உருகிப்போனான். “என்ன அண்ணாச்சி, ஓசூர் போறத நெனச்சு அழுதீங்களா?”

ஒரு வாரத்தில் மூச்சுப் பிடிக்காமலே சிரிக்க வந்தது. உள்ளபடியே சொன்னால், தனியாகச் சாப்பிட்ட காலத்தைவிட இது நன்றாகவே இருந்தது. சங்கிலிபூதத்தான் கதை சொல்வதில் கெட்டிக்காரன் என்பது இத்தனை வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை நேசையாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஞாயிறு காலை என் வீட்டுக்கு வர முடியுமா? ஆபீசில் பேச நேரம் இருக்காது.’

“கெலிச்சாச்சு அத்தான்!” என்று குதித்தான் பாபநாசம். “வீட்டுக்கே கூப்பிட்டாச்சுன்னா பெரிய போஸ்ட்டு. ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சிருவமா?”

ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா அப்பாவின் சட்டையைத் தானே இஸ்திரி போட்டாள். வாசல் வரை வந்தாள். “பைய, யோசிச்சுப் பதில் சொல்லுங்கப்பா. எழுதுனத மாத்திச் சொல்லிராதீங்க” என்றாள். கை சில்லிட்டிருந்தது. “நீ ஏன்ட்டி இவ்வளவு பயப்படுத? வேலைதான?” என்று அவள் தலையைத் தடவிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

மகாராஜநகரில் நேசையாவின் வீடு அமைதியாக இருந்தது. நேசையா வெள்ளைமுடியும் மூக்குக்கண்ணாடியுமாக, பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். காந்திமதிநாதன் எழுதியதை அச்செடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். சான்றிதழ் ஃபைலை நீட்டினால் அதைத் திறக்கவேயில்லை.

“அது இருக்கட்டும் சார். இதுல எழுதியிருக்கதெல்லாம் நீங்க மனசறிஞ்சு எழுதுனதுதானா?”

“ஒவ்வொரு எழுத்தும் நெசம் சார்.”

“எல்லா மதத்தவரும் ஒங்க குடும்பம்.”

“குடும்பமேதான்.”

“இந்தச் சாப்பாட்டு விஷயம்?”

“தினமும் சாளக் குழம்புக்குப் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடுதேன் சார். சாட்சிக்கு ஆள் இருக்கு.”

நேசையா முதல்தடவையாகச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைசியா ஒண்ணு. சின்னவங்க ஒரு முடிவெடுத்து வந்து நின்னா, ஊர் என்ன சொல்லுமோன்னு பாக்க மாட்டீங்களே?”

“ஊரா சார் வந்து வேலை பாக்கப்போவுது? அவங்க சந்தோசமா இருந்தாச் சரி. நான் முதல் ஆளா நின்னு நடத்திக்கொடுப்பேன்” என்றார் காந்திமதிநாதன். சொல்லி முடித்ததும் தன் தைரியத்தில் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமான காரியமில்லை என்று பட்டது.

நேசையா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க பக்கத்து ஃபாக்டரியில எங்கூடப் படிச்சவர்தான் தலைவர். ஸ்டோர்சுக்கு உங்கள மாதிரி ஆளத்தான் தேடுதார். பேசிட்டேன். நாளைக்கே போய்ப் பாருங்க, எடுத்துக்கிடுவார். நீங்க ஊர விட்டுப் போக வேண்டியதில்ல.”

குறுக்குத்துறைத் தண்ணீர் அப்படியே தலைவழியாக இறங்கியது போலிருந்தது காந்திமதிநாதனுக்கு. ஆனாலும் ஒரு சின்னக் குறை நெஞ்சில் நெருடியது.

“ரொம்ப நன்றி சார். ஒங்க கம்பெனியிலயே எடுத்திருந்தீங்கன்னா ஒங்களுக்குக் கீழ வேலை பாக்க எனக்கும் ஆசைதான்...”

“எங்க கம்பெனியில கண்டிப்பான விதி சார். மேனேஜருக்குச் சொந்தக்காரங்க யாரையும் வேலைக்கு எடுக்கக் கூடாது.”

காந்திமதிநாதன் விழித்தார். “நான் ஒங்களுக்குச் சொந்தமில்லையே சார்?”

காபித் தட்டோடு வந்த நேசையாவின் மனைவி, தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஒங்க சுகிர்தாவும் எங்க பையனும் ரெண்டு பேருமா போன்ல பேசி வச்சு ஒங்களப் பத்தி இவ்வளவு எழுதுனதே அதுக்குத்தான, காப்பியக் குடிங்க சம்பந்தி.”