எர்ணாவூர்க் கல்லில் கேஷ் இருக்கிறது

ஊ... ஊ... ஊ... என்று ஆலைச் சங்கு அலறியது. ஷிப்டுக்கு ஊதும் நீளச் சங்கு அல்ல. விட்டு விட்டு ஊதும் அபாயச் சங்கு. எர்ணாவூர்க் கடலோரத் தெருவில் படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அதே நேரத்தில், தெருவுக்கு எதிரே அலைத்தடுப்புக் கற்களின் மேல் நின்று, நாங்கள் நான்கு பேர் மனித நாகரிகத்தை ஓர் அடி முன்னே நகர்த்திக்கொண்டிருந்தோம்.

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயரும் தெரியாது. காரணம் ஒன்றுதான்: இருவரிடமும் பெயரெழுதி வைக்க ஒரு 'லாக் புக்' இல்லை. வரலாற்றின் அந்தப் பெருங்குறையை 2003ஆம் ஆண்டில் பொன்வாரி கெமிக்கல்ஸின் மக்கள் தொடர்புப் பிரிவு நிவர்த்தி செய்தது என்பதை, அப்பிரிவின் உதவியாளன் என்ற முறையில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"லீக்கா சார்?" என்று கேட்டேன்.

"ஒத்திகை" என்றார் மேலாளர் ரகுபதி.

சங்கு எப்போது ஊதினாலும் அது ஒத்திகைதான். அப்படிச் சொல்வதற்காகவே ஆலை அவருக்குச் சம்பளமும் ஜீப்பும் கொடுத்திருந்தது. சொல்லும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாரே, அதுவும் ஒத்திகையில் சேர்த்தியாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்த மைத்துனர் அவருக்கு 'ஜிபிஎஸ்' என்ற செயற்கைக்கோள் கருவி அனுப்பியிருந்தார். வானத்தைப் பார்த்து நீட்டினால், நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடும். (அலுவலக நேரத்தில் ரகுபதி எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் எந்தக் கோளாலும் சொல்ல முடிந்ததில்லை.) கருவியோடு 'ஜியோகேஷிங்' என்ற விளையாட்டும் வந்து சேர்ந்தது. ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட வேண்டும். உலகத்தார் கருவியோடு வந்து தேடுவார்கள். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் லாக் புக்கில் பெயரெழுதி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வேறொரு பொருளை வைத்துவிட்டுப் போக வேண்டும். டப்பாவின் பெயர் 'கேஷ்'.

இந்தியாவே இன்னும் எட்டாத இந்த உயரத்தை எட்டுவதற்காக ஒரு கழகம் அமைத்தோம். ரகுபதி தலைவர். நான் செயலாளர். மற்ற இருவரும் உறுப்பினர்கள், அதாவது டப்பா தூக்குபவர்கள்.

லாக் புக்கை நானே தயாரித்தேன். கடையில் வாங்கிய நோட்டு கழகத்தின் கௌரவத்துக்கு இழுக்கு அல்லவா? காகிதத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, உப்புக்காற்று தாங்குவதற்காக ஓரமெல்லாம் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். வலை பின்னும் நைலான் நூலால் தைத்தேன். ஆலையின் ரசாயனச் சாக்கைக் கழுவி அட்டை போட்டேன். கழுவிய பிறகு என் கை மூன்று நாள் அரித்தது. கலைக்காகக் கலைஞன் பொறுத்துக்கொண்டான். முகப்பில் ஆலையின் சின்னம் வேண்டும் என்றார் தலைவர், ஒட்டினேன். தலைப்புகள் நல்ல தமிழில் வேண்டும் என்றார்; எழுதினேன். பெயர், கண்டது, எடுத்தது, வைத்தது.

எவர்சில்வர் சம்படத்துக்குள் புத்தகத்தையும் சில சாவிக்கொத்துகளையும் வைத்துக் கல்லிடுக்கில் செருகினோம். முதல் பக்கத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன். ரகுபதி பிடுங்கிக்கொண்டார்.

"என்னய்யா செய்யறே? விதி எண் மூணு படிக்கலியா? ஒளிச்சு வெச்சவனே தேடக் கூடாது! அப்புறம் ஆட்டத்துக்கு என்ன மரியாதை?"

கண்டிப்பான மனிதர். விதி என்றால் விதிதான்.

அப்போது தெருவிலிருந்து ஒரு பெண் மூக்கில் ஈரத்துணியோடு வந்தாள். ஆப்பக்கடை அடைக்கலமேரி.

"இன்னா சார், இன்னாத்த தேடிகினு கீறீங்க?"

"சும்மா, கடற்காத்து வாங்கறோம்மா" என்றார் ரகுபதி.

"இந்த நாத்தத்துலயா?" அவள் எங்கள் சட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள். "கம்பெனி ஆளுங்களா! தோ, நல்லா மாட்னீங்க. எங்க தெரு அடிபம்புல மஞ்ச மஞ்சளா தண்ணி வருது. என் ஆப்பத்தப் பாத்துட்டு, முட்ட ஊத்துனியான்னு கேக்குறானுங்கோ. கம்பெனி கேட்டாண்ட வந்து சொன்னா, பொகார் பொஸ்தகத்துல எழுதுன்றான் வாச்மேன். பொஸ்தகம் எங்கடான்னா, அச்சுல கீதுன்றான். மூணு வருசமா இன்னா சார் அச்சடிக்கிறீங்க, பைபிளா?"

"வந்துடும்மா. சீக்கிரமே வந்துடும்" என்றார் ரகுபதி. அவர் வாக்கு இவ்வளவு விரைவில் பலிக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

பலித்தது இப்படி. திரும்பும் வழியில் டீக்கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, செல்போனில் மைத்துனரைப் பிடித்தார். சிக்னல் சரியில்லை. எனவே அமெரிக்காவுக்கு நேரடியாகவே கேட்கும்படி கத்தினார்.

"எர்ணாவூர்க் கல்லுல கேஷ் வெச்சாச்சு! ஆமா, கேஷ்! யாருக்கும் தெரியாது!"

மறுநாள் விடிவதற்குள் தெருவே கடப்பாரையோடு கல்லில் இறங்கிவிட்டது. செயற்கைக்கோளின் உதவியில்லாமல், வெறும் நம்பிக்கையின் உதவியோடு, அடைக்கலமேரி சம்படத்தைக் கண்டெடுத்தாள். திறந்தால் காசு இல்லை. ஆலைச் சின்னம் போட்ட புத்தகம் இருந்தது. உள்ளே 'கண்டது' என்று தலைப்பு. என்ன கண்டாய் என்று மூன்று வருடங்களில் முதன்முறையாக ஆலை கேட்கிறது! தெரு பேனாவைத் தேடி ஓடியது.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். புத்தகத்தில் இடமில்லை. அட்டையின் உள்பக்கம்கூட நிரம்பியிருந்தது. ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்கள் ஊரில் நான்கு பேர்கூட இல்லாத காலத்தில் இத்தனை கண்டுபிடிப்பாளர்கள்! தலைவர் குரல் தழுதழுக்க வாசித்தார்.

"பெயர், கௌசர். கண்டது, பம்புல மஞ்ச தண்ணி. எடுத்தது, சாவிக்கொத்து. அப்புறம் சொறி."

"பெயர், லியாகத் அலி, டெய்லர். கண்டது, நேத்து ராத்திரி சங்கு ஊதல, நாத்தம் மட்டும் வந்திச்சி. ஒத்திகை இல்லாம நேரா நாடகமா?"

"பெயர், ஞானதுரை. வைத்தது, கால் தோலு. வேணுன்னா வந்து பாரு."

கடைசியில் அடைக்கலமேரி எழுதியிருந்தாள்: "பொஸ்தகம் குட்த்ததுக்கு தேங்ஸ். எப்ப சார் வருவீங்க?"

"இலக்கியம்யா!" என்றார் ரகுபதி. "அமெரிக்காவுல பேரும் தேதியும்தான் எழுதறானாம், வறட்டுப் பயலுக."

வைத்த பொருட்களும் அபூர்வமானவை. ஒரு பாட்டிலில் மஞ்சள் தண்ணீர். ஒரு பொட்டலத்தில் மாடியில் கூட்டி அள்ளிய ஆலைச் சாம்பல். முகத்துவாரத்தில் செத்து மிதந்த மீன்கள், தாளில் சுற்றியபடி. "மண்ணின் மணம்" என்றார் தலைவர். உண்மைதான். உறுப்பினர்கள் இருவரும் மணம் எட்டாத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

நான் இரவு பகலாக உழைத்து இன்னொரு லாக் புக் தைத்தேன். இம்முறை பக்கங்கள் அதிகம். பழையதை என்ன செய்வது என்று கேட்டேன். "கண்ணாடிப் பெட்டியில வை" என்றார் ரகுபதி. வரவேற்பறையில், ஆலை வாங்கிய 'பசுமை விருது'க்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டிக்குப் பூட்டும் போட்டோம். மக்கள் குரலை இதைவிடப் பத்திரமாக யார் பாதுகாக்க முடியும்?

அதோடு நிற்காமல், முதல் கண்டுபிடிப்பாளருக்குப் பாராட்டு விழாவும் எடுத்தோம். ஆலைக் கேன்டீனில் மேடை, மைக், பொன்னாடை. அடைக்கலமேரி நல்ல புடவை கட்டிக்கொண்டு, தெருவையே அழைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தண்ணிக்கு வழி சொல்லத்தான் கூப்ட்டு கீறாங்க" என்று ஞானதுரையிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. பாவம், அவளுக்கு விழாக்களின் நோக்கம் தெரியாது.

ரகுபதி பேசினார். கருவியை உயரத் தூக்கிக் காட்டினார். "இது கையிலே இருந்தா, பூமியிலே எது எங்கே மறைஞ்சிருந்தாலும் சரி, எங்கள் கழகம் பத்தடிக்குள்ளே போய் நின்னு கண்டுபிடிச்சிடும்!"

கைதட்டல் ஓய்ந்தது. சாவிக்கொத்துப் பரிசை வாங்கிக்கொண்ட அடைக்கலமேரி மைக்கை விட்டு நகரவில்லை.

"மெய்யாலுமா சார்? எது மறைஞ்சி இருந்தாலுமா?"

"எதுவானாலும்!"

"அப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணு சார். உங்க கழிவுத் தண்ணிய ராத்திரில ஒரு பைப்புல வுடறாங்க. எங்க பம்பாண்டதான் எங்கியோ மண்ணுக்குள்ள போவுது. கவர்மெண்டு ஆபீசருங்க மூணு தபா வந்து தேடிட்டு, பைப்பே இல்லன்னு பூட்டாங்க. நீ இந்த மிசின எட்த்துகினு வந்து அத்த மட்டும் காட்டிக் குட்த்துடு. இந்தா, உன் பரிசு வாணாம். எனுக்கு ஆப்பம் வெள்ளையா வந்தா போதும்."

தெரு முழுவதும் எழுந்து நின்று விசிலடித்தது.

கழக வரலாற்றில் இப்படி ஒரு சவால் வந்ததில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மேடையேறித் தலைவர் கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டேன். புதிய லாக் புக்கையும் எடுத்துக்கொண்டேன். "வாங்க சார், இப்பவே போகலாம்! பத்தடிதானே!" என்றேன்.

ரகுபதிக்கு வியர்த்தது. மைக்கை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். எங்கள் ஆலையில் எதை எவ்வளவு இறுக மூடினாலும் கசியும். மைக் மட்டும் விதிவிலக்கா? கேன்டீனின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது:

"உக்காருய்யா! விதி எண் மூணு மறந்து போச்சா? ஒளிச்சு வெச்சவனே தேடக் கூடாது!"